முறிக்காமல் வைத்த ஐந்து அம்புகள்

என் வயதுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஏழு, எட்டு வயதில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனிக்கு வந்து, பத்து வயதில் அவர்களுக்கே வாயாகிப்போன கூட்டம் நாங்கள். அரசாங்கக் கந்தோர்களில் கால் நிலத்தில் முட்டாத கதிரைகளில் இருந்துகொண்டு, பெரியவர்களின் பேச்சை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் காவினோம். டொக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னோம். அம்மா சொல்ல வெட்கப்பட்டதை டொக்டருக்குச் சொன்னோம். எங்களைப் பற்றி ரீச்சர் செய்த முறைப்பாட்டையும் நாங்கள்தான் மொழிபெயர்த்தோம், அதில் ஒரு கரண்டி சீனியும் போட்டோம். கலியாண வீடுகளில் சந்திக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் இரண்டு மூன்று கதை வைத்திருக்கிறேன், நன்றாகவே சொல்வேன். இதை மட்டும் நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை.

எனக்குப் பதினொரு வயது. அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, காடும் மேடுமான ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அகதிகள் விடுதியிலிருந்து எடுத்து, ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் எங்களை விட்டிருந்தார்கள். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் ஒருத்தி வேறு ஊரில். உயரமான மனிதர், குனிந்துதான் எல்லாக் கதவையும் கடப்பார். அம்மாவைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். அம்மா அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொள்வார்.

அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் அகதி வழக்கு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஊரில் அவர் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிறவர். உதிரிப்பாகம் எதுவும் வராத காலத்தில், பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வாஷர் போட்டே அரைவாசி வெங்காயத் தோட்டங்களை வாழ வைத்தவர் என்று அவரே சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். "திருத்த ஏலாத சாமான் எண்டு ஒண்டும் இல்லை. திருத்தத் தெரியாத ஆக்கள்தான் இருக்கினம்" என்பது அவருடைய வாய்ப்பாடு. அந்த மனிதர் இங்கே காலையில் சவரம் செய்து, சேட் போட்டு, யன்னலோரம் போய் இருப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போதும் அங்கேயே இருப்பார். அந்த வீட்டில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அவருடைய வியாதி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட ஆள் அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்காரர் வில்லுக்காரர். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது, சுடுகிற துவக்கு மட்டும்தான். அதனால் அவர் வருடத்தில் ஒரு தடவை, குளிர் தொடங்கும் நேரத்தில், டென்மார்க்கில் இருக்கும் கூட்டாளியிடம் வேட்டைக்குப் போவார். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தி வைத்து எய்து பழகுவார். ஒருநாள் ஒரு அம்பு வைக்கோலைத் தவறி, எங்கள் படிக்கட்டுப் பக்கம் வந்து விழுந்தது. அப்பா இறங்கிப் போய் எடுத்தார். கொடுக்கும் முன்னர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டின் நேர் பார்த்தார். பிறகு ஒட்டு விட்டிருந்த இறகை விரலால் தொட்டு, வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, தன்னோடு வரும்படி கையைக் காட்டினார்.

அப்படித்தான் அப்பா கெல்லருக்குப் போகத் தொடங்கினார். வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள் இருக்கும் அறையைத்தான் கெல்லர் என்கிறோம். ஸ்பிரிட், வார்னிஷ், ஈரச் சுவர், போன வருடத்து அப்பிள் எல்லாம் கலந்த ஒரு மணம் அங்கே இருக்கும். நான் மொழிபெயர்க்கப் போய் இருந்தேன். முதல் இரண்டு நாள்தான் என்னால் பிரயோசனம். அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். எனக்குக் கோபமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

பழைய அம்பை எடுத்தவுடன் இறகு ஒட்டப் போகக்கூடாது. முதலில் தண்டைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து தண்டு முழுக்க இழுப்பார். எங்கேயாவது மரம் கிளம்பிச் சிலாம்பு இருந்தால் பஞ்சு மாட்டும். அடுத்ததாக அம்பைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு கையாலும் மெல்ல வளைப்பார். கொஞ்சம் உருட்டி, திரும்ப வளைப்பார். நல்ல தண்டு சத்தம் போடாது. உள்ளே வெடிப்பு இருந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், நெருப்புக்குச்சி முறிகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் வேறு பேச்சே இல்லை. முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து அடுப்பு விறகோடு போட்டுவிடுவார்.

முதல் தடவை அவர் முறித்தபோது அப்பா பதறிப்போனார்.

"ஐயோ, ஏன் முறிக்கிறார்? ஒரு சொட்டுப் பசை விட்டு நூலால சுத்தினாச் சரியாப் போயிடுமே. கேள் பிள்ளை."

கேட்டேன். வெடித்த தண்டு நாணிலிருந்து கிளம்பும் நேரத்தில் முறியும், முறிந்த துண்டு வில்லைப் பிடித்த கைக்குள் போகும் என்று வீட்டுக்காரர் சொன்னார். வெறுமனே ஒதுக்கி வைத்தால் ஒருநாள் மறதியில் கை அதை எடுத்துவிடும், அதனால்தான் உடனே முறிக்கிறேன் என்றார். நான் இதைச் சொன்னேன், வடிவாகவே சொன்னேன். அப்பா "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" எனக்குத் தெரியும். ஊரில் யாராவது புது மெசின் வாங்கப் போவதாகச் சொன்னால் அவர் போடுகிற "ம்ம்" அது.

இறகு வேலையில் அப்பா ஒரு கிழமையில் வீட்டுக்காரரையே மிஞ்சிவிட்டார். பழைய இறகைச் சுரண்டி எடுத்து, பசையின் மிச்சத்தை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது இறகை இரும்புக் கவ்வியில் பிடித்து ஒட்ட வேண்டும். ஒரு அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடச் சிறகையும் வலச் சிறகையும் கலந்தால் அம்பு நேராகப் போகாது. ஒரு சுருட்டுப் பெட்டி நிறைய இருந்த வாத்து இறகை அப்பா ஒரே பின்னேரத்தில் இடம் வலமாகப் பிரித்து வைத்தார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிழையில்லை. அப்பாவின் தோளில் தட்டினார். மேலே வந்த அப்பா அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"உயிரெடுக்கிற சாமானை ஏன் தொடுறியள்? அதுவும் வெள்ளிக்கிழமை."

"நான் எடுக்கேல்லையே. நான் செட்டை ஒட்டுறன், அவ்வளவுதான்."

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ குசினிக்கு."

அப்பா கழுவிவிட்டு வருவார். வந்து, வாத்தின் இடச் செட்டைக்கும் வலச் செட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மாவுக்கு விளக்குவார். அம்மா கேட்காத மாதிரிக் கேட்பார். மாதக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் பேசுகிறார் என்பதால் அம்மா அதற்கு மேல் சண்டை பிடிக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தால் வந்தபோது மேசையில் கடிதம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அதைப் பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். எத்தனை மணியிலிருந்து காத்திருந்தார்களோ தெரியாது, தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்தது. எங்கள் அன்ட்ராக், அதுதான் இங்கே இருக்க விடும்படி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றும் கீழே எழுதியிருந்தது. நான் மேலே இருந்ததைச் சொல்லி முடிக்க முன்னமே அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அப்பா, "சரி பிள்ளை, சாப்பிடு" என்றார். அதே பின்னேரம், ஊர் மண்டபத்தில் நடக்கும் ஜேர்மன் வகுப்பில் சேரலாமா என்று அப்பாவுக்காகத் தொலைபேசியில் கேட்டேன். வழக்கு முடியாதவர்களுக்கு இடமில்லை என்றார்கள். அதையும் நான்தான் அவருக்குச் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு "இல்லை". அவர் இரண்டாவதுக்கும் "சரி பிள்ளை" என்றுதான் சொன்னார். எனக்கு என் நாக்கையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வழமை போலக் கெல்லருக்குப் போனோம். வேறெங்கே போவது?

அன்றைக்கு வீட்டுக்காரர் ஒரு நீளத் துணிப் பொதியை அவிழ்த்தார். பன்னிரண்டு அம்புகள். சாம்பல் நிற இறகு, இறகுக்குக் கீழே பச்சை மையால் மூன்று வளையம். அவருடைய மனைவி செய்தவை. அவள் போன பிறகு அவர் அவற்றைத் தொடவில்லை. இந்த முறை டென்மார்க்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றார். ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் வளைத்தார். ஏழு அம்புகள் சத்தம் போடவில்லை. ஐந்து 'டிக்' என்றன. எட்ட இருந்த எனக்கே கேட்டது. ஆனால் அவர் அந்த ஐந்தையும் முறிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டி ஒதுக்கி வைத்தார். பிறகு கெல்லரின் சின்ன யன்னலடியில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, அழுறாரோ?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"மனுசி செய்ததாம் அப்பா."

அப்பா மேலே போய்விட்டார். அழுகிற மனிதரை நின்று பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நானும் போக எழுந்தபோது வீட்டுக்காரர் திரும்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உன் அப்பாவிடம் சொல். சிவப்பு நூல் கட்டிய ஐந்தும் உள்ளே முழுக்க வெடித்துவிட்டன. அவற்றைத் திருத்தக் கூடாது, தொடவே வேண்டாம். நானே முறிப்பேன். இன்றைக்கு என்னால் முடியாது."

சொல்கிறேன் என்று படியேறினேன். கதவைத் திறந்தபோது அப்பா அம்மாவுக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். கடிதம் வந்த முகம் இல்லை அது.

"அந்தாள்ட மனுசி செய்த அம்பு. ஐஞ்சு வெடிச்சுப் போச்சு. முறிக்க மனம் வரேல்லை அந்தாளுக்கு. நான் ஐஞ்சையும் திருத்திக் குடுக்கப் போறன். பாருமன், வெடிப்பு இருந்த இடமே தெரியாது."

அம்மாவின் கண் இன்னும் சிவந்திருந்தது. கையைக் கழுவச் சொல்வார் என்று பார்த்தேன்.

"செய்து குடுங்கோ. பாவம் அந்த மனுசன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்றார். "ஒண்டுமில்லை" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. மூன்றாவது "இல்லை"யை என்னால் சொல்ல ஏலவில்லை. இதை நான் எனக்காகச் சொல்கிற சாட்டாக நீங்கள் எடுத்துக்கொண்டாலும் சரி, உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் மகளைப் பார்க்கப் போனார். ஞாயிறு வரை வரமாட்டார். கெல்லர்த் திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு இலையுதிர் கால விடுமுறை தொடங்கியிருந்தது. நான் கெல்லர்ப் படியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல்களை அவிழ்த்தார். வெளியே தெரிந்த வெடிப்புக்குள் ஊசி முனையால் பசை விட்டார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பச்சைப் பட்டு நூலால், மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற கணக்கில், நூலுக்கு நூல் இடைவெளி இல்லாமல் சுற்றினார். அதன் மேல் வார்னிஷ். அந்தப் பச்சை, மனைவி கீறிய வளையங்களோடு அப்படியே பொருந்தியது. நைந்துபோன இறகுகளை மாற்றினார். இரண்டு நாள் அவர் சாப்பாட்டுக்கு மட்டும்தான் மேலே வந்தார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருமுறை விசிலடித்தார். அப்பாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று அதன் வாயை அடைத்தேன்.

திங்கள் காலை பன்னிரண்டு அம்பும் ஒரு வரிசையில் மேசையில் இருந்தன. அப்பா வாசலில், சேட்டுக் கை பொத்தான் பூட்டி, பரிசு வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். வீட்டுக்காரர் உள்ளே வந்தார். முதலில் எண்ணினார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்தார். பச்சை நூலைப் பெருவிரலால் தடவினார். அவருடைய வாய் கோணியது. என்னிடம் ஜேர்மனில் கேட்டார்:

"ஐந்தும் வெடித்தவை என்று அப்பாவிடம் சொன்னாய்தானே?"

"யா" என்றேன்.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது. அப்பா வெடித்த பக்கத்தை வெட்டிவிட்டு, அவளுடைய வளையம் இருந்த துண்டோடு புதுத் தண்டு பொருத்தி, பொருத்தில் நூல் சுற்றி, அவளுடைய வேலையைக் காப்பாற்றித் தந்திருக்கிறார் என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அம்பையும் காதில் வைத்து வளைத்துப் பார்த்த மனிதர் அன்றைக்கு வளைக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜேர்மனிக்கு வந்து அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

வீட்டுக்காரர் அப்போதே வில்லையும் அம்புகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். முதல் இரண்டு அம்பும் வைக்கோலில் போய்த் தைத்தன. மூன்றாவது, விட்ட கையோடு முறிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. வீட்டுக்காரர் வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரலின் அடியால் புகுந்த சிலாம்பு மற்றப் பக்கத்தால் வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். அம்மா யன்னலில் நின்று முருகா முருகா என்றார். அப்பா ஓடிப்போய் அவரைத் தாங்கி இருத்தினார். தன் சேட்டைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போகும்வரை இரண்டு பேரும் புல்லில் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

முறிந்த அம்பின் முன்பக்கம் என் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இதை நான் நன்றாகப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்பா சுற்றிய பச்சைக் கட்டு அதில் அப்படியே இருந்தது. ஒரு நூல் அவிழவில்லை. கட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளியே எந்த அடையாளமும் இல்லாத இடத்தில் மரம் பிளந்திருந்தது. உள்ளே முழுக்க வெடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னது இதைத்தான். அம்புலன்ஸைச் சுற்றி எல்லோரும் நிற்க, நான் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆற்றில் அந்தத் துண்டை எறிந்தேன். ஏன் எறிந்தாய் என்று கேட்காதீர்கள். பொலிஸ் வரும், எங்களைத் திருப்பி அனுப்புவார்கள், எல்லாம் என்னால்தான் என்று மட்டும் தலைக்குள் ஓடியது.

அப்பா அதைத் தேடினார். அம்புலன்ஸ் போன பிறகு, மேல்சட்டை இல்லாமல், அந்தக் குளிரில் புல்லுக்குள் குனிந்து தேடினார்.

"கட்டு விட்டுட்டுதோ எண்டு பாக்கவேணும். நீ கண்டனியே பிள்ளை?"

"இல்லை அப்பா."

"அவர் முதலே ஏதும் சொன்னவரோ? திருத்த வேண்டாம் எண்டு கிண்டு?"

"இல்லை."

பாருங்கள், வியாழக்கிழமை சொல்ல ஏலாமல் போன அந்தச் சொல் திங்கட்கிழமை எவ்வளவு லேசாக வந்தது. அப்பா எழுந்து நின்று தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "அப்ப என்ட கட்டுத்தான் விட்டிருக்கு" என்றார்.

பொலிஸ் வரவில்லை. அம்மா இரண்டு பையைக் கட்டிக் கதவடியில் வைத்திருந்தார். "வழக்கெழுதினா எங்கட அன்ட்ராக்கும் போச்சு, எல்லாம் போச்சு" என்று பிரார்த்தனையும் புலம்பலுமாக ஒரு கிழமை போனது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர், பழைய அம்பு, என் பிழை என்று மட்டும் சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட கையோடு வந்த அன்றே மேலே ஏறி வந்தார். அப்பா எழுந்து நின்றார், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. வீட்டுக்காரர் நீளமாகப் பேசினார். பெருவிரல் இனி மடங்காதாம். அதற்கு உன் அப்பா பொறுப்பில்லை. அந்த ஐந்தையும் நான் அன்றைக்கே முறித்திருக்க வேண்டும். மனைவியின் கைவேலை என்று மனம் வரவில்லை. எய்வதற்கு முன்னர் வளைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. என்னை மன்னிக்கும்படி உன் அப்பாவிடம் கேள். இவ்வளவும் சொன்னார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?" என்றார் அப்பா.

முறிக்க வேண்டிய அம்பு என்று நான் சொன்னால், அதை ஏன் தனக்கு முதலே சொல்லவில்லை என்று அப்பா கேட்பார்.

"பரவாயில்லையாம், உங்களை மன்னிச்சிட்டாராம்" என்றேன்.

அப்பா தலையைக் குனிந்தார். வீட்டுக்காரர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தான் பேசியது எவ்வளவு, நான் பேசியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்தானே. போகும்போது வாசலில் குனிந்து, "மிச்சத்தை நீ வளர்ந்த பிறகு உன் அப்பாவிடம் சொல்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

மாசியில் எங்களைக் கொலோனுக்கு மாற்றினார்கள். மேல்முறையீடு இரண்டு வருடத்தில் வென்றது. வீட்டுக்காரர் திரும்ப வில் பிடிக்கவில்லை என்றும், நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார் என்றும் அவருடைய மகள் எழுதித் தெரிந்துகொண்டோம். அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

அப்பா ஒரு பெரிய பேக்கரியில் பாண் தட்டு ஏற்றி இறக்கினார், இருபத்தெட்டு வருடம். அங்கே மெசின் நின்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திருத்துகிற ஆள் வரும்வரை நிற்பாராம். வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் கொதிக்க வைக்கிற கெற்றில் பழுதானால் புதுக் கெற்றில் வாங்குவோம். கதிரைக் கால் ஆடினால் கதிரை குப்பைக்குப் போகும். உங்களில் சிலர் எங்களைக் காசுக்காரர் என்று பகிடி பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? "எங்கட அப்பாக்கு ஒரு பல்ப் பூட்டவும் தெரியாது" என்று என் தங்கை சிரிப்பாள். அவள் கொலோனில் பிறந்தவள். அவளுக்கு வேறு அப்பாவைத் தெரியாது. நான் எத்தனையோ தடவை சொல்லப் போனேன். என் கலியாணத்துக்கு முதல் நாள் சொல்லப் போனேன். பிள்ளை பிறந்தபோது சொல்லப் போனேன். ஒவ்வொரு வருடமும் சொல்வது கூடக் கஷ்டமாகியது, ஏனென்றால் எத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

போன மாரிக் குளிரில்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில், அப்பாவின் பகல் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு. டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள் என்று அப்பாவுக்கும் தெரியும். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமையிலிருந்து வரிசையாகச் சொன்னேன். வீட்டுக்காரர் என்ன சொன்னார், நான் என்ன சொல்லவில்லை, கடைசியில் அவர் என்ன கேட்டார், நான் அதை எப்படி மாற்றினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரையோ என்று நினைத்தேன்.

"அப்ப கட்டு?" என்றார்.

"என்னப்பா?"

"என்ட கட்டு. விட்டதோ?"

"இல்லை அப்பா. நான் கண்ணால கண்டனான். ஒரு நூலும் அவிழேல்லை. ஒரு சாண் தள்ளித்தான் மரம் வெடிச்சது."

அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். அடுத்த நாள் நான் போனபோது கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். பக்கத்தில் நின்ற சின்ன உருட்டு மேசையின் சில்லு ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது. தாதி ஒவ்வொரு முறையும் அதை இழுத்துத் தள்ளிப் பாடுபடுகிறாளாம். "சின்ன ஸ்குரூ டிரைவர் ஒண்டு கொண்டு வா, ஒரு நிமிச வேலை" என்றார். கடைக்கு ஓடினேன். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவர் கேட்கிறார் என்று வழி முழுக்க அழுதுகொண்டே ஓடினேன். கொண்டுவந்து கையில் கொடுத்தேன். விரல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு தரம் போர்வையில் விழுந்தது. மூன்றாம் தரம் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.